வெர்னரின் மீதிப் பணம்

"யோவ் கிரெஸ்டன்! வெளிய வாய்யா! காரை ஓட்டிக்கிட்டுப் போகத் தெரியுது, காசு கொடுக்கத் தெரியலையா?"

லிஸ்பெத் சன்னல் திரையை விலக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் வெர்னர். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். டென்மார்க்கின் லெம்விக் ஊர்க் கடற்காற்றில் அவருடைய நரைத்த தாடி ஒரு பக்கமாய்ப் பறந்தது.

"வந்துட்டார் உன் ஆளு," என்றாள் கணவனிடம்.

கிரெஸ்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மீன் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, ஆற அமர வாசலுக்குப் போனான்.

"என்ன வெர்னர், இந்தக் குளிர்ல?"

"குளிரை விடு. இருபதாயிரம் குரோனர் பாக்கி எங்கே?"

"கொடுக்கிறேன். ஆனா வைப்பர் கீச்சு கீச்சுன்னு கத்துதே. அதைக் கேட்டா எங்க நாய் ஊளையிடுது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"போன வாரம் சீட்டுல மீன் நாத்தம்னே. அதுக்கு முந்தின வாரம் ஹாரனுக்குச் சளி பிடிச்சிருக்குன்னே. குழந்தை மாதிரி வச்சிருந்த காருய்யா அது!"

"குழந்தையா? அதான் எப்பப் பார்த்தாலும் அழுவுது."

வெர்னருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. "அடுத்த சனிக்கிழமை வருவேன். பணம் இல்லைன்னா ஊரைக் கூட்டுவேன்!"

சைக்கிளில் தாவி ஏறி, எதிர்காற்றைத் திட்டிக்கொண்டே மேட்டில் மிதித்துப் போனார். அவர் திருப்பத்தில் மறையும்வரை கிரெஸ்டன் பார்த்துக்கொண்டே நின்றான்.

லிஸ்பெத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெர்னரிடம் காரை வாங்கியபோது, பாதிப் பணம் உடனே, மீதி அந்த மாதக் கடைசியில் என்றுதான் பேச்சு. கெடு தாண்டி எவ்வளவோ நாளாகிவிட்டது. கிரெஸ்டன் கடன் சொல்கிற ஆளே இல்லை. பேக்கரியில் ஒரு பன்னைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று, கொட்டும் மழையில் திரும்பிப் போய்க் காசு கொடுத்துவிட்டு வந்தவன். அவனா ஒரு வயதானவரை இப்படி அலைக்கழிக்கிறான்?

"வைப்பர் நெஜமாவே கத்துதா?"

"சில சமயம்."

"நேத்து மழையில நான்தானே ஓட்டிக்கிட்டு வந்தேன்? ஒரு சத்தமும் இல்லையே."

"உனக்குக் காது மந்தம்," என்று சிரித்தான்.

"சரி, அவருக்குன்னு டிராயர்ல பணம் எடுத்து வச்சியே, அது எங்கே? காணோமே?"

சிரிப்பு நின்றுவிட்டது. "பத்திரமா இருக்கு," என்று சொல்லிவிட்டு, இலை கூட்டும் சாக்கில் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்புதான். சூதாட்டத்தில் விட்டுவிட்டானா? வேறு யாருக்காவது கொடுத்துவிட்டானா? இத்தனை வருஷமாய்ப் பக்கத்தில் இருக்கிற மனிதனை எனக்கே தெரியவில்லையோ? கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

பேக்கரியிலோ, எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் வெர்னரை ஏமாத்திட்டாராமே?"

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. புதுத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கச் சேர்த்து வைத்திருந்த தன் பணத்தை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு, கிரெஸ்டனுக்குத் தெரியாமல் வெர்னர் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி உல்லா.

"அவர் இல்லையேம்மா. துறைமுகத்துப் பக்கம் நடந்து போயிருக்கார். உன் வீட்டுக்காரரைப் பத்தி யார்கிட்டயாவது திட்டிக்கிட்டு இருப்பார்."

"நான் உங்களைத்தான் பார்க்க வந்தேன்." லிஸ்பெத் உறையை நீட்டினாள். "இருபதாயிரமும் இருக்கு. எண்ணிப் பாருங்க. அவர் ஏன் இப்படிப் பண்றார்னு எனக்குச் சத்தியமாத் தெரியலை. எங்களை மன்னிச்சிடுங்க."

உல்லா உறையைத் தொடவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். லிஸ்பெத்தின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஐயோ, அவர் திரும்பி வர்றதுக்குள்ள இதை எடுத்துட்டுப் போயிடு!"

"ஏன்? உங்க பணம்தானே?"

"உன்கிட்டகூடவா சொல்லலை?" உல்லா அவளையே பார்த்தாள். "மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் உன் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அதுக்காகக் கட்டின பொண்டாட்டிகிட்டயுமா?"

"என்ன சொல்லணும்? எனக்கு ஒண்ணும் புரியலையே!"

உல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நெஞ்சு ஆபரேஷன் முடிஞ்சதும், 'இனிமே நான் எங்கே போகப் போறேன்'னு காரை வித்துட்டுப் படுத்தவர்தாம்மா. சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். தினம் நடக்கணும்னு டாக்டர் சொன்னார். நான் கெஞ்சினேன், அழுதேன். அசையலை. உன் வீட்டுக்காரர் சொன்ன தேதிக்கு வந்து, மொத்தப் பணத்தையும் என் கையில கொடுத்துட்டுப் போனார். 'யார் வந்தது, கிரெஸ்டனா? காசு கொடுத்தானா?'ன்னு உள்ளேயிருந்து குரல் வந்துச்சு. அத்தனை நாளைக்கப்புறம் அவர் வாயைத் திறந்ததே அப்பத்தான். என்ன தோணுச்சோ எனக்கு, 'தர மாட்டேன்னுட்டுப் போறான்'னு சொல்லிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'எங்கே என் ஷூ?'ன்னு எந்திரிச்சார்."