பத்தாவது கை

"ஒரு கை குறையுது, நானா. குழாயை உடைக்கேலாது" என்று என்னை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார் அம்மைப்பால் குத்துகிற செல்வநாயகம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கையாம், ஒரு கை! என் கையிலேயே இரண்டு தரம் குத்துங்கள் என்று கேட்டுவிட வாய் துருதுருத்தது.

முள்ளிவாய்க்கால் பள்ளிக்கூட விறாந்தையில் வாங்குப் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். அரசாங்க ஆள், காசு வாங்க மாட்டார். ஆனால், ஒரு குழாய் மருந்தை உடைத்தால் பத்துப் பேருக்காவது குத்தியாக வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. உடைத்த மருந்து மறுநாளைக்கு உதவாது.

குத்திய அத்தாட்சி இல்லாமல் ஹஜ்ஜுக் கப்பலில் காலை வைக்கக்கூட விடமாட்டார்கள். வவுனியாவில் ஒரு டாக்குத்தர் எனக்கும் மனைவிக்கும் மட்டும் தனியாகக் குத்தத் தயார்தான். அவர் கேட்டதைக் கொடுத்தால் கப்பல் காசு கரைந்து தழும்போடு வீடு திரும்பலாம். மக்காவை மறந்துவிட வேண்டியதுதான்.

மறக்கக்கூடிய ஆளா உம்மு ஹானி? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு வளையல் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் கஃபாவை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பதுதான்.

பேச்சு மெல்லிசு, பிடிவாதம் இரும்பு. ஒரு முறை, மணம் பக்கத்து வீட்டு வளவுக்குப் போகிறது என்று சொல்லி என் கருவாட்டு மூட்டைகளையெல்லாம் கடற்கரைக்குத் தூக்க வைத்தாள். கருவாட்டு வியாபாரியின் குசினியில் ஒரு மாதம் முழுக்கப் பருப்பும் கீரையும்! மூட்டைகளில் பாதி மழையில் நனைந்து நாறியது. அன்று நான் குதித்த குதி ஊருக்கே தெரியும். அவள் அசையவில்லை.

பத்துப் பேரைச் சேர்ப்பது ஒரு வேலையா என்று செல்வநாயகத்திடம் வீறாப்புப் பேசி நாள் குறித்தவன் நான்தான். வைகாசி பிறந்துவிட்டதை யோசிக்கவில்லை.

வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் நெருங்கியிருந்தது. அம்மை போட்டால் அம்மாளே வீட்டுக்கு வந்திருக்கிறா என்று வாசல் படலையில் வேப்பிலை கட்டி, மச்சம் மாமிசம் விலக்கி, குரலைத் தாழ்த்திப் பேசுகிற ஊர் இது. பொங்கல் காலத்தில் அம்மைக்கு எதிராக ஒரு கீறல்கூட ஏற்க மாட்டார்கள். அது அம்மாளோடு மல்லுக்கு நிற்பதாகிவிடும்.

"பொங்கல் முடியட்டும், நானா" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். பொங்கல் முடிவதற்குள் கப்பல் போய்விடும்.

முல்லைத்தீவிலிருந்து என் தங்கச்சி குடும்பத்தை வண்டி கட்டிக் கூட்டி வந்தேன். பள்ளிக்கூட வாத்தியாரும் வரிசையில் நின்றார். எங்கள் இருவரையும் சேர்த்தும் ஒன்பதுதான்.

செல்வநாயகம் பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தார். ஐஸ் கரைந்து தண்ணீராகிக்கொண்டிருந்தது. பெருமூச்சு விட்டு மூடியைத் திருகத் தொடங்கினார்.

உம்மு ஹானி நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது ஒரு பெண் விறுவிறுவென்று வந்து வாங்கில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். சேலைத் தலைப்பை நெற்றிக்குக் கீழே இழுத்து முகத்தை மூடியிருந்தாள். தங்கச்சியோடு வந்த எங்கள் பெண்களில் யாரோ என்று நினைத்தேன். செல்வநாயகமும் அப்படித்தான் நினைத்திருப்பார். கையைப் பார்த்து வேலை செய்கிறவர், முகத்தைப் பார்ப்பதில்லை. பஞ்சால் அந்தக் கையைத் துடைத்துக்கொண்டே பெயரைக் கேட்டார்.

"அன்னபாக்கியம்."

துடைத்த கை நின்றது. விறாந்தையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

பக்கத்து வளவு அன்னபாக்கியம் அக்கா! பொங்கலுக்குப் பொங்கல் நேர்த்தி தவறாமல் கோயிலுக்கு நடந்தே போகிறவர். மற்ற நாட்களில் படலைக்கு வெளியே அவரைக் கண்டவர்கள் குறைவு.

செல்வநாயகம் தயங்குவதைக் கண்டதும் அவர் தலைப்பைப் பின்னால் தள்ளிவிட்டார்.

"அம்மாளிட்டக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான், தம்பி. நீங்கள் குத்துங்கோ."

முகம் முழுக்க அம்மைத் தழும்பு. நெற்றியில், கன்னத்தில், கண் இமையில்கூட.

ஒரு தரம் அந்த வருத்தம் கண்டு பிழைத்தவருக்கு இந்த மருந்து தேவையே இல்லை. கருவாடு விற்கிற எனக்கே அது தெரியும். செல்வநாயகத்துக்குத் தெரியாதா? இது கணக்கில் சேராது என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

அவர் அந்த முகத்தைப் பார்த்தார். வரிசையின் கடைசியில் நின்ற உம்மு ஹானியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பிளாஸ்க்குக்குள் விரலை விட்டுக் குழாயை எடுத்து உடைத்தார்.

"பத்து" என்றார்.

முதல் கீறல் அந்தக் கையில்தான் விழுந்தது. அக்கா கண்ணை மூடி, உதட்டுக்குள் அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உம்மு ஹானி வரிசையை விட்டு வந்து அவரது மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படி இரண்டு பெண்களுக்கு நடுவில் குடியிருக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று தோன்றியது எனக்கு.

கருவாட்டு மூட்டைகளைக் கடற்கரைக்குத் தூக்கிய அந்த மாதம், பக்கத்து வளவின் படலையில் வேப்பிலை கட்டியிருந்தது.