சோப்புக் கணக்கு

"உருளைன்னா கிழங்காம்மா?"

பத்தாவது படிக்கிறவன் கேட்கிற கேள்வியா இது? அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பகலெல்லாம் தையல் மெஷின் மிதித்துவிட்டு வந்த அம்மா சிரித்துவிட்டாள். "கிழங்கு இல்லடா மக்கு. இதோ, டார்ச் பேட்டரி மாதிரி."

கணக்கு இதுதான். ஒரு கட்டையில் செங்கோணமாக ஒரு முக்கோண வெட்டு. அதில் பத்து செ.மீ. விட்டமுள்ள உருளை படுத்திருக்கிறது. வெட்டின் அடிமுனையிலிருந்து உருளையின் உச்சி எவ்வளவு உயரம்?

அம்மா துவைக்கிற சோப்பைக் கத்தியால் வெட்டி, பேட்டரியை அதில் படுக்கவைத்தாள்.

"நாளைக்குப் பரீட்சை. இன்னும் உருளைக்கிட்டயே உருள்றான்," என்றாள் அக்கா. "போன மாசம் எப்படிடா முதல் மார்க் வாங்கினே? பார்த்து எழுதினியா?"

"மறந்துபோச்சு."

"நகரு. ரெண்டு வரியில போட்டுத் தர்றேன்."

"வேணாம். அம்மா சொன்னாதான் எனக்கு மண்டையில ஏறும்."

"அம்மாவே பத்தாவதைப் பாதியில விட்டவங்க!"

தம்பி அவள் காலை நறுக்கென்று கிள்ளினான்.

அம்மா காதில் விழாத மாதிரி பென்சிலை எடுத்தாள். "முனையிலிருந்து மையம் வரைக்கும்... ரூட் ரெண்டு... அதைப் பத்தால பெருக்கினா..."

"விட்டம்னா முழு அகலமா, பாதியாம்மா?"

அடப்பாவி, அதுகூடவா தெரியாது! அக்கா வாயைத் திறப்பதற்குள் பென்சில் நின்றது.

"ஐயோ, முழுசுடா! அப்போ அஞ்சாலதானே பெருக்கணும்? ஏழு சொச்சம். மேல ஆரம் ஒரு அஞ்சு. பன்னெண்டு சொச்சம்! வந்துடுச்சுடா!"

சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிவிட்டு அம்மா முகம் கழுவப் போனாள்.

அக்கா பொரிந்து தள்ளினாள். "வெட்கமா இல்ல? உன் பரீட்சைக்கு, அலுத்து வந்த அம்மா உயிரை வாங்குறியே!"

"கத்தாதே. பரீட்சை எனக்கு மட்டும்னு யார் சொன்னா?"

"பின்னே?"

"அம்மாவுக்கும்தான். விட்ட பத்தாவதைத் தனியா எழுதுறாங்க. பாஸாகுற வரைக்கும் நமக்குத் தெரியக்கூடாதாம். தையல் கடை அத்தை உளறிட்டாங்க. நாம சொல்லித் தந்தா கூச்சப்படுவாங்க. எனக்குச் சொல்லித் தர்றதா நினைச்சுத்தான் தினமும் படிக்கிறாங்க."

அக்கா அந்த வெட்டுப்பட்ட சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு குழாயடிப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா! ஆரம்னா கழுத்துல போடுவாங்களே, அதுவாம்மா?"