அம்மாவின் கையெழுத்து

மிரான் அழுத அழுகையில், அஞ்சலி மண்டபத்துக்கு வந்த ஆலை அதிகாரிகளே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா, அம்மா படங்களுக்கு முன்னால் விழுந்து வணங்கியவளைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

“இந்தக் காலத்துல பெத்தவங்க மேல இவ்வளவு பாசமா எந்தப் பிள்ளைங்க இருக்காங்க?” என்றார் வெள்ளைச் செவ்வந்தியோடு வரிசையில் நின்ற ஒரு பெரியவர்.

கையில் துக்கத்துக்கான சணல் பட்டை கட்டி நின்ற தம்பி சங்கூ அழவில்லை. அவன் கண் வாசலிலேயே இருந்தது. கறுப்பு கோட்டு போட்டு யார் வந்தாலும் போலீஸோ என்று பார்த்தான். சாவுக்கு வருகிறவர்கள் எல்லோருமே கறுப்பு கோட்டுதான்.

தென் கொரியாவின் தேகு நகரத்தில் பியோன் நெசவாலையைத் தெரியாதவர்கள் இல்லை. கோடையின் உச்ச நாளில், வழக்கம்போல மதியம் கோழி சூப் குடித்த ஆலை முதலாளியும் அவர் மனைவியும் சாப்பாட்டு மேசையிலேயே சாய்ந்துவிட்டார்கள். சூப்பில் விஷம் இருந்தது.

அதைக் கலந்தவர்கள் பிள்ளைகள் இருவரும்தான்.

அப்பாவின் பெல்ட்டுக்கு முதுகைக் கொடுத்தே வளர்ந்தவர்கள் அவர்கள். மிரானுக்கு முப்பது தாண்டியும் அது நிற்கவில்லை. போன மாதம் தறிகளுக்கு நடுவில், தொழிலாளிகள் பார்க்க, சங்கூவைச் செருப்பால் அடித்தார். அன்று சாயங்காலம்தான் அக்காவும் தம்பியும் காரில் உட்கார்ந்து பேசினார்கள்.

“அம்மா?” என்று கேட்டான் சங்கூ.

“அம்மாவும்தான்,” என்றாள் மிரான். “அவர் அடிச்சதைக்கூட மன்னிச்சிடுவேன்டா. பார்த்துட்டே வாயை மூடிட்டு இருந்தாங்களே, அதை மன்னிக்கவே மாட்டேன்.”

அடுப்பில் கொதித்த பானையில் கலக்கிவிட்டு, பதினொரு மணி ரயிலில் பூசான் போய்விட்டார்கள். செய்தி வந்ததும் அலறியடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

இன்ஸ்பெக்டர் குவாக் உள்ளே வந்தார். வாசலில் காலணியைக் கழற்றி, ஊதுபத்தி கொளுத்தி, இரண்டு முறை விழுந்து வணங்கினார். எழுந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: “உங்க ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் தனியாப் பேசணும்.”

குடும்பத்தார் தங்கும் சின்ன அறைக்குப் போனார்கள். மிரான் சங்கூவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். “நீ வாயே திறக்காதே,” என்று முணுமுணுத்தாள்.

குவாக் ஒரு காகிதத்தை நீட்டினார். “உங்கம்மா சட்டைப் பையில இருந்துச்சு. எழுத்து அவங்களோடதுதானான்னு சோதிக்கக் கொடுத்திருந்தோம். அவங்களோடதுதான்.”

சங்கூவும் எட்டிப் பார்க்க, மிரான் படித்தாள்.

‘சூப்பில் விஷம் கலந்தது நான். முப்பத்து நான்கு வருஷம் அவரோடு வாழ்ந்தது போதும். நானும் கூடவே போகிறேன். என் பிள்ளைகளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது.’

“வேற யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. இதோட முடிஞ்சது,” என்றார் குவாக். தலை குனிந்து வணங்கினார். “மனசைத் தேத்திக்குங்க.”

அவர் காலடிச் சத்தம் தேய்கிறவரை இருவரும் அசையவில்லை.

“அக்கா…” சங்கூ அவள் பக்கம் திரும்பினான். “அம்மாவுமா? அதே நாள்ல, அதே பானைலயா?”

“மெதுவாப் பேசுடா.”

“அப்போ நாம போடலைன்னாலும் செத்திருப்பாங்க. நாம கொல்லலக்கா! நாம கொல்லவே இல்ல!” சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மிரான் சுவரில் சாய்ந்து மூச்சை விட்டாள். மூன்று நாளில் அவள் நன்றாக விட்ட முதல் மூச்சு அது. “நமக்கு முன்னாடியே கலந்திருப்பாங்க. விடிஞ்சதிலேர்ந்து அந்தப் பானை அடுப்புலதானே இருந்துச்சு. போகட்டும். தப்பிச்சோம்.”

கதவு நகர்ந்தது. சோறும் காரமான மாட்டுக்கறிக் குழம்பும் வைத்த தட்டோடு ஓக்புன் வந்தாள். இருபது வருஷமாக அந்த வீட்டில் சமைப்பவள். முகம் அழுது வீங்கியிருந்தது.

“சாப்பிடுங்க பாப்பா. தம்பி, நீயும் உட்காரு.” தட்டை வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நானும் அம்மாகூடப் போய்ச் சேர்ந்திருக்கணும். எப்பவும் அதே பானைலதான் எனக்கும் ஒரு கிண்ணம். அன்னிக்கு எடுக்கப் போனா, கையைத் தட்டி விட்டுட்டாங்க. ‘நீ இதைத் தொடாதே, வீட்டுக்குப் போ’ன்னு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாங்க.”

“அழாதீங்க அத்தை,” என்றாள் மிரான், அவள் தோளில் கை வைத்து.

சங்கூவுக்கு இப்போது குரல் தெளிந்திருந்தது. அனுதாபத்தோடுதான் கேட்டான்: “பாவம் அம்மா, எத்தனை நாளா இதை மனசுல வெச்சிருந்தாங்களோ. அந்தக் கடுதாசியை முந்தின நாளே எழுதி வெச்சிருப்பாங்களோ அத்தை?”

ஓக்புன் அவனைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி, கரண்டியை நேராக எடுத்து வைத்தாள்.

“இல்ல தம்பி. நீங்க ரெண்டு பேரும் பானையைக் கிண்டிட்டுப் போனப்புறம்தான் என்கிட்ட பேனா கேட்டாங்க.”