நாலு விரல் தாழ்வு

ஊர் வயல்களையெல்லாம் மளமளவென்று அறுத்த ஆளில்லா அறுவடை இயந்திரம், பவுனம்மாள் வயலில் இறங்கியதும் ஊர்ந்தது. மேற்கே மழைமேகம் கருத்திருந்தது.

"பழைய டிரைவர் ஏகாம்பரம் ஓட்டுனப்பவும் இதே ஆமை நடைதான். அஞ்சு வருசமா அவனைத் திட்டித் தீத்தேன். இப்ப யாரைத் திட்ட?" என்றாள் பவுனம்மாள்.

மெக்கானிக் ரெஜினா பெல்ட், பிளேடு, சல்லடை எல்லாம் பார்த்தாள். பழுது எதுவும் இல்லை. கடைசியில் திரையைத் தட்டினாள்.

"இது ஏகாம்பரம் அண்ணன் ஓட்டுறதப் பாத்துக் கத்துக்கிட்ட மிஷின். உங்க வயல்ல மட்டும் கத்திய நாலு விரல் தாழ்த்தி, அடியோட அறுக்குது. அதான் மெதுவாப் போகுது. வைக்கோல் நீளமா விழும். மாடு வச்சிருக்கீங்களா?"

பவுனம்மாள் வரப்பில் மேய்ந்த தன் இரண்டு பசுக்களையும் திரும்பிப் பார்த்தாள்.

"கத்திய உசத்திரவா? மழைக்கு முன்ன முடிஞ்சிரும்."

"வேணாம்மா. தார்ப்பாய் இருக்கு. அது மெதுவாவே அறுக்கட்டும்."

பிறகு ஆத்தூரில் இருந்த ஏகாம்பரத்துக்குப் போன் போட்டாள்.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா திட்டுறத நிறுத்தியிருப்பீங்களேக்கா. ஊர் ஊராச் சுத்துறவன வேற யாரு உரிமையாத் திட்டுனாங்க?"