சைடு சீட்டில் ஐம்பத்து மூன்றரை கிலோ

"அம்மணி, சார் வந்தா ஒரு சேதி சொல்லிப்போடுங்க. அவரு சொன்ன மாதிரியே சைடு சீட்டுல அம்பத்தி மூணரைக் கிலோ வெச்சுத்தான் அலைன்மென்ட் பாக்கறேன். சாயந்திரம் வண்டிய எடுத்துக்கலாமுங்க."

போத்தனூர் மெக்கானிக் உமர் பாரூக் போனை வைத்துவிட்டார். சைத்ரா ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட். உட்காரப் போகிறவர்களின் எடையை ஏற்றி வைத்துத்தான் அதன் உயரத்தையும் சக்கரங்களையும் சரி பார்க்க வேண்டும் என்று அவள் கணவன் வம்சி அவளிடம் எத்தனையோ முறை அளந்திருக்கிறான்.

அவள் எடை நாற்பத்தாறு. போன வியாழக்கிழமை பாப்பாவுக்குத் தடுப்பூசி போடப் போனபோது, டாக்டர் அவளையும் மெஷினில் ஏற்றித் திட்டினார். வம்சியும் பக்கத்தில்தான் நின்றான்.

அப்படியானால் ஐம்பத்து மூன்றரை யார்?

அவள் அந்த வண்டியில் ஏறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏழாம் மாதத்தில் ஒரு வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் மடாரென்று இடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதவள், இனி இதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவனும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் ஒரு சுற்று போய் வரப்போவதாகச் சொல்லியிருந்தான். மில்லிலிருந்து மதியம் சாப்பிட வந்தவனிடம் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வண்டியில கூட யாருங்க வர்றாங்க?"

"யாரு வருவாங்க? நான் மட்டுந்தான்."

அதை அவன் ரசத்தைப் பார்த்துச் சொன்னான்.

அவன் கிளம்பியதும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். பையில் பால் பாட்டில், நான்கு துணி, இரண்டு புடவை. யாரென்று தெரிந்ததும் அப்படியே ஆனைமலைக்கு, அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவதாக இருந்தாள்.

ஒர்க்‌ஷாப்பில் சக்கரங்களின் நேர் பார்க்க வண்டியின் இரண்டு பக்கமும் நூல் இழுத்துக் கட்டியிருந்தது. டேப்போடு கீழே படுத்திருந்த உமர் பாரூக் எழுந்து கையைத் துடைத்தார்.

சார் இங்கே யாரையாவது கூட்டி வந்தாரா என்று அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"சிநேகிதருங்க ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு இஞ்சு ஒசத்துன்னாரு சாரு. ஸ்போர்ட்ஸ் கார மாட்டு வண்டி ஆக்கறயாடான்னு ஒரே கேலிங்க. அவரு கேக்கல. வேகத்தடையில இனி அடி தட்டவே கூடாதுன்னுட்டாரு."

சைத்ரா குனிந்து உள்ளே பார்த்தாள். சைடு சீட்டில் ஒரு மணல் மூட்டை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் மேல் இன்னொன்று, தலையணை அளவில்.

"அது என்னங்க சின்ன மூட்டை?"

உமர் பாரூக் அவள் இடுப்பிலிருந்த பாப்பாவைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை ஆனைமலைக்குக் கிளம்பற வரைக்கும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாருங்க. நாந்தான் போன்ல ஒளறிப்போட்டேன். பெரிய மூட்டை நாப்பத்தாறு. சின்னது மடியிலதான் உக்காரும், அங்கயே வையின்னாரு. அது ஏழுங்க."

அவள் புடவைகள் திணித்த பையை முதுகுப் பக்கம் தள்ளி மறைத்துக்கொண்டாள்.

"அம்பத்தி மூணரைன்னீங்களே. மிச்சம் அரைக் கிலோ?"

"அது பாப்பா வளர்றதுக்குங்க."