வச்சிரட்டுமா?

ஃபிரிட்ஜ் கதவில் கணவன் லாசர் ஒட்டியிருந்த தாளில் ஒரே வரி: ‘சரின்னு மட்டும் சொல்லிராத.’

போன மாதம் கடன் பதிவகத்தின் கணினிக் குரல் போனில் பேசியபோது, கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும் பழக்கத்தில் ஜெசிந்தா ‘சரி, சரி’ என்று சொல்லித் தொலைத்தாள். எவளோ ஒரு ஜெசிந்தா வாங்கிய படகு எஞ்சின் கடனை இவள் ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிட்டது. இவளுடைய கடன் மதிப்பெண் முந்நூற்றுப் பத்துக்கு இறங்கியது. முந்நூறுக்குக் கீழே போனால், உள்ளறையில் லாசரின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷின் ஓடாது.

இன்று மறுவிசாரணை. அதே குரல் போனில் வந்தது.

“எஞ்சின் வாங்குனது நீங்கதானே அக்கா?”

“இல்ல. அது வேற ஜெசிந்தா. எங்ககிட்ட படகே கிடையாது.”

ஒவ்வொரு கேள்விக்கும் முந்தானையைக் கடித்து, யோசித்து, ‘இல்ல’ என்றே சொன்னாள்.

“நீங்க சொல்றது நியாயந்தான் அக்கா. கடனை உங்க பேர்லருந்து எடுத்திரலாம்.”

ஜெசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே பார்த்துக் கையசைத்தாள். படுத்தபடியே லாசர் சிரித்தான்.

“வேற ஒண்ணும் இல்லியே? அப்போ வச்சிரட்டுமா அக்கா?”

“வச்சிரும்மா. நல்லாயிருப்ப.”

லைன் கட்டாகவில்லை.

“நன்றி அக்கா. நீங்க சொன்னபடி கடனை உங்க பேர்லயே வச்சாச்சு. தப்பான புகாருக்கு இருபது கழிச்சு, இப்போ மதிப்பெண் இருநூத்தித் தொண்ணூறு.”

“ஐயோ, நான் போனைல்லா வைக்கச் சொன்னேன்!”

உள்ளறையில் மிஷினின் இரைச்சல் அடங்கியது.

“ஜெசி,” என்று கூப்பிட்டான் லாசர். “கரண்ட் போயிட்டா?”

அவன் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.