கலயத்து அரிசி

"குருவிகள ஆண்டவர் மறக்கவே மாட்டாரு, அதனால நாம..." என்று கோயில் உத்தரத்தில் குடியிருந்த பெரியப்பா அடிக்கடி சொல்வார். அந்த 'அதனால'வுக்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பது சீமோன் குருவிக்கு மறந்துபோயிற்று. அவனே ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்: அதனால காணிக்கை அரிசி நமக்குத்தான்.

அவன் கூடு கட்டியிருந்தது அன்னபாக்கியத்தின் அடுப்படிப் பரணில். அவள் தினமும் உலை வைக்கும் முன்னால் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியை ஒரு கலயத்தில் போட்டுவைப்பாள். கலயத்தின் மூடி சரியாகப் பொருந்தாது. சீமோனுக்கு அது வசதி.

நாலு நாளாக மழை விடவில்லை. கூட்டில் இரண்டு குஞ்சுகள் பசியில் கத்தின. சீமோன் கலயத்திலிருந்து கொஞ்சம் அரிசியைக் கவ்விப் பரணுக்குக் கொண்டுவந்தபோது அன்னபாக்கியம் உள்ளே வந்தாள். அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டினாள். மூன்று பிடிதான் தேறியது. ஒரு பிடியைக் கலயத்தில் போட்டாள். மீதியைக் கஞ்சிக்குக் களைந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் அவன் மனைவி தெபோராள்.

சீமோன் அரிசியைக் கீழே வைத்தான். "அவளுக்கு ஆண்டவர் வேற தருவாரு, புள்ள."

"உங்களுக்குத் தரமாட்டாராக்கும்?"

"வெளிய மழை பெய்யுதே."

"அவ வீட்டு மேலயும்தான் பெய்யுது."

சீமோன் குஞ்சுகளைப் பார்த்தான். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவளையும் பார்த்தான். பிறகு அரிசியைக் கவ்விக் கலயத்துக்குள்ளேயே போட்டுவிட்டு, புழு தேடி மழைக்குள் பறந்தான்.